சாவடியில் கொட்டிய சீசா

தம்பி,

இங்கே அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்றுதான் இதுவரை உனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் தொடங்கியிருக்கிறேன். இதற்கு அந்த வரி பொருந்தாது. ஆவணி பத்தாம் தேதி உனக்கு இரண்டாம் கல்யாணம் என்று உன் அம்மாவும் உன் மாமனும் நாள் குறித்துவிட்டார்கள். நீயும் காரைக்காலிலிருந்து "உங்கள் இஷ்டம்" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டாய். எந்தக் காரணத்துக்காக அந்தக் கல்யாணம் நடக்கப் போகிறதோ, அந்தக் காரணம் பொய். அந்தப் பொய்யைச் செய்தவன் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, சாவகாசமாக உட்கார்ந்து படி.

எனக்கு உருகி உருகி எழுத வராது. இருபத்தாறு வருஷம் பாகூர் கொம்யூன் கச்சேரியில் உட்கார்ந்து ஊராருடைய பிறப்பையும் இறப்பையும் எழுதிய கை இது. வருகிறவர்களிடம் பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, இது எத்தனையாவது பிள்ளை, உயிரோடு பிறந்ததா, செத்துப் பிறந்ததா என்று நாலு பேர் காதில் விழும்படிதான் கேட்பேன். கேட்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட என் வீட்டுக்குள் யாரிடமும் கேட்டதில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று உன் அம்மா வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். அவள் சொல்லாததை நான் தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. இதை ஒரு கௌரவமாகவே நினைத்திருந்தேன்.

முதலில் உன் அத்தை பச்சையம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நீ அவளை "மீசை அத்தை" என்று கூப்பிடுவாய். நாங்கள் எல்லோரும் சிரிப்போம், அவளும் சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அவள் ஏன் நம் வீட்டிலேயே இருந்தாள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அவளை மண்ணாடிப்பட்டில் நல்ல இடத்தில்தான் கொடுத்தோம். கரும்பு போடுகிற குடும்பம். கல்யாணமாகி நாலாம் வருஷம் அவள் புருஷன் அவளையும் அவள் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். "நாலு மாசம் அம்மா வூட்ல இருக்கட்டும், ஒடம்பு தேறனதும் வந்து இட்டுனு போறேன்" என்றான். ஒரு வாய் மோர் குடித்தான். போய்விட்டான். ஆறு மாதத்தில் அவனுக்கு வேறு கல்யாணம் ஆன சேதி வந்தது. அப்போது எனக்கு இருபது வயது. என் அப்பா போய் அவனைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெண்ணுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் தீட்டு வரும், தாடையில் வேறு மயிர் முளைக்கிறது, இதை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது என்பதுதான் எங்கள் நியாயம். வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார்கள், பூசாரியைக் கூப்பிட்டு மந்திரித்தார்கள், அரச மரத்தைச் சுற்றச் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்தாள். முப்பத்துமூன்று வருஷம் நம் வீட்டில் நெல் குத்திவிட்டுச் செத்துப்போனாள். அவளுக்கு வந்தது ஒரு வியாதி, அதற்கு ஒரு காரணம் உண்டு என்பது அவள் போய் நாலு வருஷம் கழித்து, உன் பெண்டாட்டி அஞ்சலாட்சியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அஞ்சலாட்சிக்கும் அதே கதைதான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நம் வீடு அதை எப்படிப் பார்த்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. மருமகள் எந்தெந்த நாளில் கொல்லைக் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள், எந்த நாளில் தலை முழுகி உள்ளே வந்தாள் என்று உன் அம்மாவுக்கு மனப்பாடம். கொட்டகை இரண்டு மாதம் காலியாக இருந்தால் அவள் முகம் மலர்ந்துவிடும். மூன்றாம் மாதம் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவாள். முதல் தடவை அப்படிச் சொல்லி அது வீணானது. இரண்டாம் தடவை ஐந்தாம் மாதம் என்று கணக்குப் போட்டு, செலியமேட்டிலிருந்து பெண் வீட்டார் ஐந்து வகைக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நீயும் இருந்தாய், பூவும் வைத்தாய். எட்டு நாள் கழித்து ஒரு காலையில் அஞ்சலாட்சி போய்க் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டாள். அது பிள்ளை கலைந்தது அல்ல. பிள்ளையே இருக்கவில்லை. மாதக்கணக்கில் வராமல் நின்றது வந்தது, அவ்வளவுதான். உன் அம்மா அதற்குப் பிறகு ஒரு மாதம் பொதுக்கிணற்றுக்குப் போகவில்லை. அவள் கொடுமைக்காரி இல்லை, தம்பி. ஊர் முன்னால் சோறு போட்டுவிட்டு அசிங்கப்பட்டவள். அந்த அசிங்கத்தை மருமகள் மேல் இறக்கி வைத்தாள். நீ காரைக்காலுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனதும் அந்த வருஷம்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முதலில் வாய் திறந்தவள் அஞ்சலாட்சிதான். உன் அம்மாவிடம் சொன்னாள், உன் அம்மா என்னிடம் சொன்னாள். புதுச்சேரியில் அந்த வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டு, நர்சம்மா மூலமாக எனக்குப் புரியவைத்தார். கருப்பைக்கு இரண்டு பக்கமும் முட்டை விளைகிற பை ஒன்று இருக்கிறதாம். இவளுக்கு அந்த இரண்டும் பருத்துப்போய், மேல்தோல் தடித்துவிட்டது. உள்ளே முட்டைகள் சின்னச் சின்னக் கொப்புளமாக நிற்கின்றன, முற்றி வெளியே வர முடியவில்லை. அதனால்தான் மாதாமாதம் வரவேண்டியது வருவதில்லை, உதட்டின் மேல் மயிர் முளைப்பதும் அதோடு சேர்ந்ததுதான். "தோல் தடிச்ச வெதை மொளைக்காம கெடக்கும் இல்லிங்களா, அந்த மாரி" என்றார் நர்சம்மா. கச்சேரி வேலையோடு நிலமும் பார்த்த எனக்கு அது போதும். இரண்டு பையிலும் ஒரு கீற்று வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தால் சிலருக்குச் சரியாகிறது, எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது, வயிற்றைக் கிழிக்கிற வேலை, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்றார்கள். உன் அம்மா வேண்டாம் என்றாள். "செத்தாலும் செரி, பண்ணிக்கறேன்னு சொல்லுங்க அத்த" என்று அஞ்சலாட்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னது என் காதில் விழுந்தது. நீ சம்மதக் கடிதம் அனுப்பினாய். ஐப்பசியில் வெட்டினார்கள். இருபது நாள் படுக்கையில் கிடந்தாள். நீ இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனாய்.

அதன் பிறகு நடந்ததை உன் அம்மா உனக்கு எழுதச் சொன்னாள், நான் எழுதவில்லை. இப்படிப்பட்டதை மகனுக்கு எழுதுவதா என்று விட்டுவிட்டேன். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை ஐந்து தடவை அவள் மாதம் தவறாமல் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். கொட்டகை காலியாக இருந்தால் சந்தோஷப்பட்ட உன் அம்மா, இப்போது அவள் போய் உட்கார்ந்ததற்குச் சந்தோஷப்பட்டாள். பங்குனியில் ஈஸ்டர் விடுமுறைக்கு நீ வந்து பன்னிரண்டு நாள் இருந்தாய். நீ போன பிறகு சித்திரையில் அவள் போய் உட்காரவில்லை. வைகாசியிலும் இல்லை.

இப்போது பார், இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, வெட்டியது பலிக்காமல் பழைய வியாதி திரும்பிவிட்டது. இன்னொன்று, பிள்ளை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். இரண்டு தடவை சூடுபட்ட உன் அம்மா முதலாவதுதான் என்றாள். "இன்னொரு வாட்டி நான் ஊர்ல வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள். நானும் மனதுக்குள் அவள் பக்கம்தான். அஞ்சலாட்சி மட்டும் கிணற்றில் நீர் இறைப்பதை நிறுத்திவிட்டாள். டாக்டரிடம் போய்க் கேட்டேன். அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்றார். பிள்ளை தங்கிய பெண்ணின் மூத்திரத்தில் ஹார்மோன் என்று ஒரு சத்து இறங்குமாம். காலையில் முதலில் போகிற நீரைப் பிடித்துக் கொண்டுவந்தால், அதைத் தனிக் கூண்டில் வளர்க்கிற பெண் முயல் ஒன்றுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். இரண்டு நாள் கழித்து முயலை அறுத்து, அதன் முட்டைப் பையில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புள்ளி இருந்தால் பிள்ளை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முயல் தயாராக இருக்கிறது, வியாழக்கிழமை கட்டாயம் கொண்டு வா என்று ஒரு கண்ணாடி சீசாவைக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை காலை, கொல்லைக் கதவுக்குப் பக்கத்து மாடத்தில் அந்த சீசா துணி சுற்றி இருந்தது. உன் அம்மா என்னைப் பார்க்காமலே "மாடத்துல வச்சிருக்குது, எடுத்துனு போங்க" என்றாள். எது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு பாகூரில் பஸ் ஏறினேன். நம் ஊரிலிருந்து புதுச்சேரி போவதற்குள் இங்கிலீஷ்காரன் மண் குறுக்கே வருகிறதே, அந்தச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பிரெஞ்சு மண்ணிலிருந்து சாராயம் போகிறதா என்று பார்க்கிறவர்கள். சேவகன் ஒருவன் ஏறி, என் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு சீசாவை வெளியே எடுத்தான்.

"இன்னா பெரியவரே, காலைலயே சரக்கா?"

"மருந்துப்பா."

"இன்னா மருந்து?"

என் பக்கத்தில் செலியமேட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார், சம்பந்தி வீட்டுக்கு அடுத்த வீடு. பின்னால் நம் ஊர்ப் பெண்கள் நாலு பேர். இது என் மருமகளுடைய மூத்திரம் என்று அந்த பஸ்ஸில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. நான் திரும்பவும் "மருந்துதாம்பா" என்றேன். அவன் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனான். "த்தூ! புளிச்ச கள்ளத் தூக்கினு வந்து மருந்துன்றான்" என்று சன்னலுக்கு வெளியே கவிழ்த்துவிட்டு, காலி சீசாவை என் மடியில் போட்டான். பஸ்ஸே சிரித்தது. செலியமேட்டு ஆள், "போவட்டும் வுடுங்க, சாயங்காலம் வேற வாங்கிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

அங்கேயே இறங்கித் திரும்பியிருக்கலாம். திரும்பினால் உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அவள் அஞ்சலாட்சியிடம் சொல்ல வேண்டும், அஞ்சலாட்சி மறுபடி பிடித்துத் தர வேண்டும், மாமனார் மறுபடி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். நினைக்கவே உடம்பு கூசியது. ஆஸ்பத்திரி வாசல்வரை என்ன செய்வது என்று தெரியாமல்தான் போனேன். அங்கே நர்சம்மா என்னைப் பார்த்ததும், "கொண்டாந்துட்டீங்களா? நல்லது, மொயல எடுத்து வச்சாச்சு" என்றார். "இதோ" என்று சொல்லிவிட்டு ஆண்கள் கக்கூசுக்குள் போனேன். அந்த சீசாவை நான் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆம், தம்பி. நீ சரியாகத்தான் படித்தாய். அந்த முயலுக்கு ஊசியில் ஏற்றியது என்னுடையதை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. என்ன சோதனை, எப்படிச் செய்வார்கள் என்று எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். எப்படியும் இல்லை என்றுதானே வரப்போகிறது, யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். என் மனதுக்குள் அந்தப் பெண்ணுக்குத் தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது. முயலை ஒப்புக்குத்தான் கேட்டேன். இதுதான் நான் செய்ததில் பெரிய தப்பு. சீசா கொட்டியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை போனேன். புள்ளி இல்லை என்றார்கள். ஐம்பத்தெட்டு வயது ஆம்பிளைக்குப் பிள்ளை தங்கவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு முயல் செத்தது. டாக்டர் விடவில்லை. ஒரு தடவை பார்த்தது போதாது, மூன்று வாரம் கழித்து மறுபடி கொண்டு வா என்று நர்சம்மாவிடம் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் "இல்லியாம்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன். மறுபடி கொண்டுவரச் சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி அந்த சீசா, மறுபடி அந்தச் சாவடி. உன் அம்மா உள்ளே போய்ச் சொன்னாள். அடுத்த வாரம் உன் மாமன் வந்தான். அவர்களே பேசினார்கள், அவர்களே முடித்தார்கள். உனக்கு எழுதிய கடிதத்தில், "சோதனை செய்து பார்த்ததில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டபடியால்" என்ற வரியை என் கையால்தான் எழுதினேன்.

ஆனி மூன்றாம் தேதி அவளைச் செலியமேட்டில் கொண்டுபோய் விட்டேன். வண்டி ஓட்டியது நான். வண்டியில் அவளும் பெட்டியும்தான். பச்சையம்மாவின் பெட்டி எனக்கு ஞாபகம் வந்தது, வரட்டும் என்று மாட்டை ஓட்டினேன். பாதி தூரம் போயிருப்போம். ஐந்து வருஷத்தில் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசாத பெண், பின்னாலிருந்து, "மாமா, பள்ளத்துல மெதுவா ஓட்டுங்க" என்றாள். திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் வண்டிக் கழியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றோடு வைத்திருந்தாள். நான் மாட்டை நிறுத்தி, இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்தே ஓட்டினேன். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அவளை இறக்கிவிட்டு, சம்பந்தி கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை மட்டும் நான் உணர்ச்சியாக எழுதியதாக வைத்துக்கொள்.

மூன்று வாரம் இப்படிக் கழிந்தது. போன திங்கட்கிழமை வண்டி பூட்டாமல் நடந்தே செலியமேட்டுக்குப் போனேன். அவள் அம்மாவிடம், உங்கள் பெண்ணிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். அஞ்சலாட்சி கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். புடவை முனைதான் தெரிந்தது. சாவடியில் நடந்தது, கக்கூசில் நடந்தது, டாக்டர் மறுபடி கேட்டது எல்லாவற்றையும் கதவைப் பார்த்துச் சொன்னேன். அவள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து, கோபமே இல்லாத குரலில் அஞ்சலாட்சி சொன்னாள்.

"கொட்டிப்போச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, இன்னொண்ணு புடிச்சுக் குடுத்திருப்பேனே மாமா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேண்டுமானால் இப்போதுகூட ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன்.

"இப்ப குடுக்க மாட்டேன். இருக்குதா இல்லியான்னு மொயலக் கேட்டீங்க, ஊரக் கேட்டீங்க. என்ன யாரும் கேக்கல. அவரு வரட்டும். அந்தக் கல்யாணத்த வாணாம்னு நிறுத்திட்டு வந்து என்னக் கேக்கட்டும், சொல்றேன். இருக்குதுன்னு தெரிஞ்சினு வர்றதா இருந்தா வர வாணாம்."

நான் அப்போதாவது கேட்டிருக்க வேண்டும். ஏம்மா, இருக்கிறதா என்று. இரண்டே வார்த்தை. வாய்வரை வந்தது, கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஆகவே எனக்கு நிச்சயமாகத் தெரியாது. வண்டியில் அவள் கை இருந்த இடத்தை நான் உனக்கு எழுதியிருக்கக் கூடாது, எழுதிவிட்டேன். அதை வைத்துக்கொண்டு நீ எதையும் முடிவு கட்டாதே. ஐந்தாம் மாதம் சோறு போட்டபோதும் நாங்கள் எல்லோரும் நிச்சயமாகத்தான் இருந்தோம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவள் என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். பெண் பார்த்த வீட்டுக்கு நானே போய், தப்பு எங்கள் பேரில் என்று சொல்லிக் கையைக் கூப்புகிறேன். ஆனால் வேண்டாம் என்கிற வார்த்தை உன்னிடமிருந்து வரவேண்டும். அதை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுதிப் போடு. "உங்கள் இஷ்டம்" என்று இனி எழுதாதே. அந்த வரியைப் படித்தபோதுதான் நீ என் பிள்ளை என்று எனக்குத் தெரிந்தது, அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

பிறகு லீவு போட்டுவிட்டு வா. சோரியாங்குப்பத்தில் நம் வீட்டுக்கு வராமல் நேரே செலியமேட்டுக்குப் போ. பிள்ளை இல்லை என்று அவள் சொன்னாலும் அழைத்துக்கொண்டு போய்க் காரைக்காலில் குடித்தனம் வைக்க உனக்கு மனம் இருக்கிறதா என்று வழியிலேயே பார்த்துக்கொள். மனம் இல்லாவிட்டால் அந்த வாசலை மிதிக்காதே. இருந்தால், அவள் அம்மா மோர் கொடுப்பாள், வாங்கிக் குடிக்காதே. முதலில் அஞ்சலாட்சியைக் கேள்.

அப்பா